பேரி மரத்தடியில் விழுந்த காசு

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தபோது, என் மகள் அடிமை என்று ஒருவன் வந்து சொன்னான்.

சொன்னவன் எப்ராகர் பிரபுவின் காரியக்காரன் தோரிங். குதிரையை விட்டு இறங்கக்கூட இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து விலாங்கு மீனுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இமினாங்கறது நீதானே?"

"ஆமா. மீன் வேணும்னா நாளைக்கு வா. இது கன்னிமடத்துக்கு."

"மீன் வேணாம். நீதான் வேணும். உன் மகளும் வேணும்."

அப்போதும் நான் அவன் ஏதோ கேலி பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். நாற்பதை நெருங்குகிற மீன்காரியிடம் கேலி பேசுகிறவர்கள் குறைவு. ஆகையால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

"வெர்னாக்கு அரண்மனைப் பண்ணையை ராஜா எங்க பிரபுவுக்குக் குடுத்துட்டாரு. நிலம், திராட்சைத் தோட்டம், தேன்கூடு, அடிமைங்க எல்லாம் சேத்து. பழைய பட்டியல்ல உன் பேரு இருக்கு. சமையல்கட்டு அடிமை, இமினா. உன் வயித்துல பொறந்ததும் அடிமைதான்."

"நான் விடுதலையாகி இருபத்தோரு வருஷம் ஆச்சு! ராக்னலிந்தா ராணியம்மா குடுத்த சாசனம் மடத்துப் பெட்டியில இருக்கு. போய்ப் பாரு!"

"பிரபு பாத்துட்டாரு. தேதி தப்பு, காசும் கீழ விழலைங்கறாரு. பாத்ததுக்கு அப்புறந்தான் என்னை அனுப்பினாரு. அடுத்த வாரம் வசந்தக் கூட்டத்துல ராஜா முன்னாடி வழக்கு வருது. வந்து சேரு."

குதிரை திரும்பிப் போய்விட்டது. என் கையிலிருந்த விலாங்கும் நழுவி, பாதித் தோலோடு வாசல்படி தாண்டிப் போய்விட்டது.

எங்கள் நாட்டில் அடிமையை விடுவிக்கிற முறை எல்லோருக்கும் தெரியும். அடிமை ஒரு வெள்ளிக் காசை உள்ளங்கையில் வைத்து ராஜா முன் நீட்ட வேண்டும். ராஜா தன் கையால் அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும். காசு தெறித்து மண்ணில் விழ வேண்டும். அது விழுகிற சத்தம்தான் விடுதலை. பிறகு அவளையோ அவள் பிள்ளைகளையோ யாரும் தொட முடியாது. ஆனால் ஒரு அடிமைக்கு ஒரு காசுதான். முதல் காசு விழவில்லை என்றால் ராஜா மறுத்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டாவது காசை நீட்டவே கூடாது.

செய்தி எங்கள் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே ஆற்றங்கரை மாவு ஆலைக்குப் போய்விட்டது. சாயங்காலமே சம்பந்தி மௌரு வந்து நின்றார். நல்ல மனிதர். உடம்பெல்லாம் மாவு.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஆடிலாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா அடிமையைக் கட்டினா என் பேரப்பிள்ளைங்களும் அடிமையாயிடுவாங்க. சட்டம் அப்படி. எனக்கு இருக்கறது ஒரே பையன், ஒரே ஆலை."

உள்ளேயிருந்து என் மகள் ஆடிலா கத்தினாள். "பையன் என்ன சொல்றான்?"

"அவன் அழுதுக்கிட்டு இருக்கான்மா."

"அழட்டும்! நல்லா அழட்டும்!" என்று சொல்லிவிட்டு இவளும் அழ ஆரம்பித்தாள்.

என் வீட்டுக்காரர் டோடோ அவ்வளவு நேரமும் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். மௌரு போனதும் தலையைத் தூக்கினார்.

"ஏன்டி, எப்ராகர் என்னதான் சொல்றான்?"

"என்னை விடுதலை பண்ணின விருந்துல அவனும் இருந்தான். காசு கீழ விழலை, ராஜா கையில பிடிச்சுக்கிட்டாருன்னு சொல்றான். சாசனத்துல தேதி மூணு நாள் தள்ளிப் போட்டிருக்கு, அதனால அது பொய்ச் சாசனங்கறான்."

"விழுந்துச்சா, இல்லையா?"

"விழுந்துச்சு."

"எப்ப?"

"மூணு நாள் கழிச்சு."

டோடோ ஊசியைக் கீழே வைத்தார். "மேல போட்ட காசு மூணு நாளா வந்துக்கிட்டே இருந்துச்சா?"

"ஏங்க, என்னைக் கேக்காதீங்க. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இருபது வருடமாக என்னைக் கட்டிக்கொண்டு வாழ்கிறவர். என் சத்தியங்களின் பலம் அவருக்குத் தெரியும்.

ராணியம்மாவைப் பற்றி இப்போது கோயில் பிரசங்கத்தில் கேட்கிறவர்களுக்கு, அவர் தொட்டிலிலேயே முட்டி போட்டு ஜெபித்தவர் என்று தோன்றும். நான் அவருக்குச் சமைத்துப் போட்டவள். அவர் சிரித்தால் கூரையிலிருந்து புறாக்கள் பறக்கும். பகடை ஆட உட்கார்ந்தால் ஏமாற்றுவார். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஒருமுறை ஒரு முழு வாத்து பறந்தது. அது வெந்த வாத்து.

கடலுக்கு அந்தப் பக்கத்தில் பிறந்து, பத்து வயதில் பிடித்து வரப்பட்டு, விற்கப்பட்டு, அரண்மனையில் மது ஊற்றிக்கொண்டிருந்தவர். பழைய ராஜா பார்த்தார், கட்டிக்கொண்டார். சில வருடங்களில் ராஜா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மூன்று வயது மகன் கிளோதமாரை மடியில் வைத்துக்கொண்டு ராணியம்மா நாட்டை ஆண்டார். துறைமுகத்தில் மனிதர்களை ஏற்றி விற்பதை நிறுத்தினார். மீசைப் பிரபுக்கள் வந்து வணங்கும்போது, 'நேற்று நமக்குக் கோப்பை நிரப்பியவள்தானே' என்கிற எண்ணம் அவர்கள் முகத்தில் எழுதியிருக்கும். ராணியம்மா அதைப் படித்துவிடுவார். வேண்டுமென்றே எழுந்து போய்த் தன் கையாலேயே மது ஊற்றுவார்.

"போதுமா எப்ராகர்? முன்ன மாதிரி உங்க மடியில சிந்திடலையே?"

அப்போது எப்ராகர் இளைஞன். காது வரை சிவந்துபோவான். அந்தச் சிவப்பு இருபத்தோரு வருடமாக ஆறவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

எனக்குப் பதினேழு வயது. ஒருநாள் ராணியம்மா சமையல்கட்டுக்கு வந்து, சட்டியிலிருந்து ஒரு துண்டு விலாங்கை விரலாலேயே எடுத்துத் தின்றார்.

"இமினா, வர்ற மிக்கேல் திருநாள் விருந்துல உன்னை விடுதலை பண்ணப் போறேன்."

"எங்கேம்மா போவேன்?"

"எங்கயும் போகவேணாம், அசடே. இங்கயே இரு. ஆனா வேணும்னா போலாம்னு தெரிஞ்சு இரு." விரலை நக்கினார். பிறகு குரல் இறங்கியது. "என் காசை யாரும் தட்டிவிடலை, தெரியுமா? அவசர அவசரமாக் கல்யாணம் பண்ணி நேரா நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. இன்னும் யாராவது எங்கயாவது 'ஏய்'னு கத்தினா நான்தான் முதல்ல திரும்பிப் பாக்கறேன். உனக்கு அது வேணாம். முறையா, சத்தத்தோட நடக்கணும்."

விருந்து நடந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து வயது ராஜா ராணியம்மா மடியில் தூக்கக் கலக்கத்தில் இருந்தார். ராஜ வம்சத்துத் தலைமுடிக்குக் கத்தி படக்கூடாது அல்லவா, அது அப்போதே தோளைத் தாண்டிவிட்டது. நான் முட்டி போட்டுக் காசை நீட்டினேன். புதுக் காசு. மீன் செதிலைப் போல மின்னியது.

"தட்டுடா கண்ணு," என்றார் ராணியம்மா.

கண்ணு தட்டவில்லை. லபக்கென்று எடுத்துக்கொண்டது.

கூடம் முழுக்கச் சிரிப்பு. ராணியம்மாவும் சிரித்துக்கொண்டே குழந்தையைத் தன் மேலாடைக்குள் இழுத்து, அந்தக் கைப்பிடியைப் பிரித்துப் பார்த்தார். கை காலி. கன்னம் உப்பியிருந்தது. பிறகு கன்னமும் உப்பியிருக்கவில்லை. தொண்டையில் ஏதோ ஒன்று இறங்கியதை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெர்கா ஆயா பார்த்தாள். ராணியம்மா பார்த்தார். மூன்றே பேர்.

ராணியம்மாவின் முகத்தில் ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை. "ராஜாவுக்குத் தூக்கம் வந்துடுச்சு. காசை அப்புறமாத் தருவாரு. எல்லாருக்கும் மது ஊத்துங்க!"

படுக்கையறைக்குள் போனதும் பெர்கா ஆயா மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நாடு அநாதையாயிடுச்சே! ராஜா போயிடுவாரே!"

"வாயை மூடு. சின்னக் காசு. அவன் வயசுல நான் செருப்போட பித்தளைக் கொக்கியையே முழுங்கியிருக்கேன்."

ராஜா கொட்டாவி விட்டார். "அம்மா, இன்னொண்ணு இருக்கா?"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அம்மா, இப்ப நான் விடுதலையா, இல்லையா?"

ராணியம்மா உண்மையாகவே யோசித்தார். "காசு உன் கையை விட்டுப் போயிடுச்சு. ராஜா கையாலதான் போச்சு. அது சரியாத்தான் நடந்திருக்கு. மண்ணுல மட்டும் இன்னும் விழலை. அதனால நீ இப்ப பாதி விடுதலை."

"மீதிப் பாதி?"

"வந்துக்கிட்டு இருக்கு."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "சமையக்காரி நீதானே? உன் விடுதலை உன் கையிலதான் இருக்கு. போ, சமை."

சமைத்தேன். பிளம்ஸ் பழத்தைத் தேனில் வேகவைத்தேன். வெங்காயத்தாள் போட்டுப் பார்லிக் கஞ்சி காய்ச்சினேன். மறுபடி பிளம்ஸ். ராஜாவுக்கு ஏக சந்தோஷம். அதுவரை யாரும் அவரை இவ்வளவு கெஞ்சிச் சாப்பிட வைத்ததில்லை. என் வாழ்க்கையில் நான் எத்தனையோ விருந்துக்குச் சமைத்திருக்கிறேன். அந்த மூன்று நாள் கஞ்சியின் பலனுக்குக் காத்திருந்ததைப் போல எதற்கும் காத்திருந்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் ராஜா, "ஆயா, வயிறு," என்றார். பெர்கா ஆயா வெள்ளிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எடு அதை!" என்று ராணியம்மா அதட்டினார். "பாத்திரத்துல விழுந்தா செல்லாது. மண்ணுல விழணும்."

தோட்டத்துப் பேரி மரத்தடி. வாயிற்காவலனை அந்தப் பக்கமாகத் திரும்பி நிற்கச் சொல்லியாகிவிட்டது. ராஜாவின் நீளமான முடியை ராணியம்மாவே தூக்கிப் பிடித்துக்கொண்டார். நான் எதிரில் முட்டி போட்டு, வெறுங்கையை நீட்டிக்கொண்டிருந்தேன். முறைப்படி நடக்க வேண்டும் என்று ராணியம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

மரத்தடியில் ஒரு கல் கிடந்தது. அதில் பட்டதால் சத்தம்கூடக் கேட்டது.

"கேட்டுச்சா இமினா?"

"கேட்டுச்சும்மா."

"ராஜா என்ன பண்ணினாரு?"

"காசை மண்ணுல விழ வெச்சாரு."

"சாட்சி?"

பெர்கா ஆயா மூக்கைப் பொத்திக்கொண்டே, "நான்," என்றாள்.

ராணியம்மா ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அது முழுக்கச் சிரிப்புதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றே சாசனம் எழுதப்பட்டது. 'நம் மகனும் அரசருமாகிய கிளோதமாரால் காசு மண்ணில் விழுந்தது. நாம் கண்டோம்.' ஒரு சொல் பொய்யில்லை. எழுதியவர் ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ராணியம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "இவன் வளந்து பெரிய மீசைக்காரங்க நடுவுல உக்காரப் போறவன். இந்தக் கதையை வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு." சொன்னேன். காசை வினிகரில் ஏழு தடவை கழுவினேன். ராணியம்மா அதை எடுத்து ஒரு சின்ன வெள்ளிச் சிமிழில் போட்டு வைத்துக்கொண்டார்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் கன்னிமடம்.

ராஜாவுக்குப் பதினைந்து வயதானதும் ராணியம்மா ஆட்சியை அவரிடம் கொடுத்துவிட்டு, தான் கட்டிய மடத்திலேயே போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கே பாத்திரம் தேய்த்தார், பகடை கிடைக்காமல் தவித்தார், இந்த வழக்குக்கு முந்தின வருடம் காலமானார். அவர் தலையணைக்கு அடியில் அந்தச் சிமிழ் இருந்தது. கூடவே எழுதுகிற தோலில் அவர் கையெழுத்தில் ஒரு துண்டு: 'இது விழுந்தது. ஒருத்தி எழுந்தாள்.'

மடத்துத் தலைவி எலாஃபியா அம்மா படித்தவர். மூன்று நாள் யோசித்து முடிவுக்கு வந்தார். பேதுரு பிடித்த மீனின் வாயிலிருந்து ஒரு காசு வந்ததாக வேதத்தில் இருக்கிறது அல்லவா, அந்தக் காசுதான் இது. வாயிலிருந்து வந்த காசு என்பதால் வாய் நோய்க்கு நல்லது. ஒரு கன்னிக்குப் பல்வலி வந்தபோது கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். வலி நின்றது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் முத்தமிட வரிசை நின்றது.

மீன் கொடுக்கப் போனபோது எனக்கும் நீட்டினார்கள். நான் பின்வாங்கினேன்.

"அம்மா, அதை வாயில வைக்காம கழுத்துல கட்டிக்கிட்டாப் போதாதா?"

"இமினா, உனக்கு விசுவாசம் பத்தாது," என்றார் எலாஃபியா அம்மா வருத்தத்தோடு.

வசந்தக் கூட்டத்தன்று ஆற்றங்கரைப் புல்வெளி முழுக்கக் கூடாரம். நானும் டோடோவும் ஆடிலாவும் முன்வரிசையில் நின்றோம். மௌருவும் மகனும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

ராஜாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. முடி இடுப்புக்குக் கீழே தொங்கியது. இடது கன்னம் ரொட்டி போல வீங்கியிருந்தது. ஐந்து நாளாகப் பல்வலியாம். பக்கத்தில் கொல்லர் குறடோடு தயாராக நின்றார். ராஜா அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க ரொம்ப முயற்சி எடுத்துக்கொண்டார்.

வழக்கு தொடங்குகிற நேரத்தில் எலாஃபியா அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் சிமிழ்.

"ராஜா, உங்கம்மா பாதுகாத்து வெச்ச புனிதக் காசு. கன்னத்துல அடக்கிக்குங்க."

"வேணாம்!" என்று நான் கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "குளிர்ச்சியா இருக்கும்... பல்லுக்கு ஆகாது," என்று முனகினேன்.

ராஜா கொல்லரின் குறடைப் பார்த்தார். காசைப் பார்த்தார். பக்தியோடு வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி, "நல்லா இருக்கு," என்றார். கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது.

எப்ராகர் எழுந்தான். தலை நரைத்திருந்தது. காது மட்டும் அதே சிவப்பு.

"ராஜா, நான் கண்ணால பாத்ததைச் சொல்றேன். அன்னைக்கு இந்தப் பொம்பளை நீட்டின காசை நீங்க உங்க கையாலயே எடுத்துக்கிட்டீங்க. காசு விழலை. நீங்க குழந்தையா இருந்தாலும் ராஜா. ராஜா மறுத்தா மறுத்ததுதான். அப்புறம் மூணு நாள் கழிச்சு ஒரு சாசனம் முளைக்குது. உங்கம்மாவுக்கு இளகின மனசு, நான் தப்பு சொல்லலை. அடிமைங்கன்னா அவங்களுக்குத் தனிப் பாசம். ஏன்னு நமக்கெல்லாம் தெரியும்."

சில மீசைகள் சிரித்தன. ராஜாவின் முகம் இறுகியது. ஆனால் சட்டம் சட்டம்தான்.

"நான் கொடுமைக்காரன் இல்லை," என்று எப்ராகர் தொடர்ந்தான். "கிழவியை வேணும்னா நானே விட்டுடறேன். மகளை மட்டும் அனுப்பட்டும்."

ஆடிலா என் கையை நொறுங்கப் பிடித்தாள். என்னைக் கிழவி என்றதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ராஜா என்னைப் பார்த்தார். "சாட்சி யாராவது உண்டா?"

"பெர்கா ஆயா இருந்தாங்க. செத்துட்டாங்க ராஜா."

"நீ சொல்லு. என்ன நடந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். எதிரில் முந்நூறு பேர். 'வேற யார்கிட்டயும் சொல்லமாட்டேன்.' ராணியம்மாவின் கைச்சூடு என் கையில் அப்படியே இருந்தது. எப்ராகர் புன்னகை செய்தான். டோடோ மெதுவாக, "சொல்லித் தொலையேன்டி," என்றார்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. வேறு யாரிடமும் சொல்லக்கூடாது, சரி. ஆனால் ராஜா வேறு யாரோ இல்லையே. காசை விழுங்கினவரே அவர்தானே!

"ராஜா, உங்க காதுல மட்டும் சொல்றேன்."

கூட்டம் சலசலத்தது. ராஜாவின் காதுக்குப் போக வேண்டுமானால் ராஜாவின் முடியைத் தாண்ட வேண்டும். அந்த முடியைத் தொட்டவனுக்குக் கை இருக்காது. காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். ராஜா கையமர்த்தி, தானே முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாத்து போலக் கழுத்தை நீட்டிச் சொன்னேன்.

விருந்தைச் சொன்னேன். மேலாடைக்குள் நடந்ததைச் சொன்னேன். பிளம்ஸ், கஞ்சி, மறுபடி பிளம்ஸ். ராஜாவின் காது மெல்லச் சிவந்தது. பேரி மரத்தடிக்கு வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா புல்லுல உக்காந்து சிரிச்சாங்க," என்று முணுமுணுத்தார். "ஏன் சிரிச்சாங்கன்னு இத்தனை வருஷம் தெரியாது. அவங்களை நினைச்சாலே அதுதான் முதல்ல வரும்."

"அதுக்குத்தான் ராஜா."

அவர் சிரிக்கப் போனார். கன்னம் வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டார். பிறகு, கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"அந்தக் காசு இப்ப எங்க இருக்கு?"

நான் அவர் கன்னத்தைப் பார்த்தேன்.

ராஜா என்னைப் பார்த்தார். எலாஃபியா அம்மாவின் கையிலிருந்த காலிச் சிமிழைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த நிறமெல்லாம் இறங்கிப் போனது.

"த்தூ!"

அப்படி ஒரு துப்பலை அந்த நாடு கண்டதில்லை. காசு பறந்து போய் எப்ராகரின் காலடிக் கல்லில் பட்டு ஒலித்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்து விழுந்தது. ராஜாவின் கடைவாய்ப் பல்.

"அற்புதம்!" என்று எலாஃபியா அம்மா முட்டி போட்டார். "ராணியம்மா அற்புதம் பண்ணிட்டாங்க!" முந்நூறு பேரும் முட்டி போட்டார்கள். கொல்லர் மட்டும் ஏமாற்றத்தோடு குறடை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ராஜா ஒரு கோப்பை மதுவால் வாயைக் கொப்பளித்தார். இன்னொரு கோப்பை. மூன்றாவதாகப் பீர். நாலாவதுக்குக் கை நீட்டியபோது எல்லோரும் பார்ப்பதை உணர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஞாபகம் வந்துடுச்சு," என்றார். "விருந்துக்கு மூணாம் நாள். பேரி மரத்தடி. காசு மண்ணுல விழுந்துச்சு, சத்தம் கேட்டுச்சு. விழ வெச்சது நான்."

ராஜாவின் வாக்குக்குச் சத்தியமும் வேண்டாம், துணைச் சாட்சியும் வேண்டாம். ஆனால் எப்ராகர் விடுகிறவனா?

"ராஜா கையாலதான் நடக்கணும்னு சட்டம். மரத்தடியில உங்க கையாலதான் விழுந்துச்சா?"

கூட்டம் காத்திருந்தது. ராஜா பொய் சொல்ல முடியாது. உண்மையையும் சொல்ல முடியாது.

"எப்ராகர், இவ கையிலருந்து காசு என் கையாலதான் போச்சுன்னு இப்பத்தான் நீயே சொன்ன. கண்ணால பாத்தேன்னு சொன்ன. அது ஒரு பாதி. மண்ணுல விழுந்ததை நான் சொல்லிட்டேன். அது மறு பாதி. ரெண்டையும் சேத்தா முழுசு. உன் சாட்சிக்கு ரொம்ப நன்றி."

"அப்ப நடுவுல மூணு நாள்? அந்தக் காசு எங்க இருந்துச்சு?"

ராஜா கம்பீரமாக முடியைப் பின்னால் தள்ளினார்.

"என்கிட்டப் பத்திரமா இருந்துச்சு," என்றார்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கக் கையைக் கடித்துக்கொண்டேன். நான் ஆனந்தத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆடிலா உண்மையாகவே அழுதாள். மௌருவின் மகன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்ள, அவள் முதலில் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுப் பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ராணியம்மாவுக்கு ஓர் அற்புதம் கிடைத்துவிட்டதால் பிஷப்பும் வருடா வருடம் திருநாள் கொண்டாட ஒத்துக்கொண்டார். எலாஃபியா அம்மா ராணியம்மாவின் வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டார். அதில் ராணியம்மா சத்தமாகச் சிரித்ததே இல்லை. வாத்தும் பறக்கவில்லை. காசுக்கு இப்போது தங்க உறை. திருநாளன்று நாலு ஊர்ப் பல்வலியும் வரிசையில் நிற்கிறது. நிறையப் பேருக்குக் குணமாகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

ராஜாவும் தவறாமல் வருகிறார். கல்லறையை முத்தமிடுவார், வாசல் தூணை முத்தமிடுவார், ராணியம்மா தேய்த்த அண்டாவைக்கூட முத்தமிடுவார். தங்க உறை வரும்போது மட்டும் நிமிர்ந்து கூரையில் புறா இருக்கிறதா என்று பார்ப்பார். வரிசையில் நிற்கிற நானும் அதே நேரத்தில் செருப்பு வாரைச் சரிசெய்வேன்.

போன மிக்கேல் திருநாளுக்கு அரண்மனையிலிருந்து எனக்கு ஒரு கூடை வந்தது. கூடை நிறையப் பிளம்ஸ். செய்தி எதுவும் இல்லை.

ஆடிலா ஒன்றை எடுத்துக் கடித்தாள். "ஏம்மா, ராஜா எதுக்கு உனக்குப் பிளம்ஸ் அனுப்பறாரு?"

"சின்ன வயசுல என் கஞ்சியை விரும்பிச் சாப்பிடுவாரு," என்றேன்.